மாடி டிவி மட்டும் ஏன் உடைகிறது: ஒரு கேபிள்காரனின் டிபி கணக்கு

“அண்ணே, கீழ ஹால்ல எல்லாம் நல்லா வருது. மாடி பெட்ரூம்ல மட்டும் சில சேனல் கட்டம் கட்டமா உடையுது. பாக்ஸ் போயிடுச்சு போல. வரும்போது புதுசு ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

கும்பகோணத்தில் இருபத்து நாலு வருஷமாகக் கேபிள் லைன் பார்க்கிறேன். வாரத்துக்கு நாலு தடவையாவது இந்த போன் வந்துவிடும். பாக்ஸைக் குறை சொல்லாதவர்கள் கிடையாது, ஆனால் பாக்ஸ் உண்மையிலேயே போயிருப்பது பத்தில் ஒன்றுகூடத் தேறாது. மீதி எல்லாம் கேபிளில் இருக்கிற கோளாறு. அதைக் கண்டுபிடிக்க, சிக்னல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற டிபி மீட்டரும் கூட்டல் கழித்தலும் போதும். லைனுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கும், தன் வீட்டு வயரிங்கைத் தானே பார்க்கிற கை உள்ளவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மேலே சொன்ன போனிலேயே பாதித் துப்பு இருக்கிறது. “சில சேனல் மட்டும்.” பாக்ஸ் செத்திருந்தால் எல்லா சேனலும் போயிருக்கும். டிஜிட்டல் கேபிளில் ஒரே ஃப்ரீக்வென்சியில் பத்து, பதினைந்து சேனல் சேர்ந்து ஏறி வரும். அந்த ஃப்ரீக்வென்சிக்கு சிக்னல் லெவல் பத்தவில்லை என்றால் அந்தக் கூட்டமே உடையும், பக்கத்துக் கூட்டம் பளிச்சென்று வரும். அதனால் போனை வைப்பதற்கு முன்பே எந்தெந்த சேனல் உடைகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை எல்லாம் 700 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால், கேபிள் நீளமாகிவிட்டது, அல்லது எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது என்று வண்டியில் ஏறும்போதே தெரிந்துவிடும்.

இப்போது டிபி, அதாவது டெசிபல். கேபிளுக்குள் வருவது ரொம்பச் சின்ன வோல்டேஜ். டிவிக்கு இழுக்கிற 75 ஓம் கேபிளில் ஒரு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால், அதை 0 டிபி மைக்ரோவோல்ட் என்கிறோம். அதிலிருந்து 20 டிபி ஏறினால் வோல்டேஜ் பத்து மடங்கு, 6 டிபி ஏறினால் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் 60 என்றால் ஒரு மில்லிவோல்ட், 80 என்றால் பத்து மில்லிவோல்ட். லைனில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. “டேப்புல எழுபது டிபி இருக்கு” என்றால் எல்லாருக்கும் புரியும். டேப் என்பது கம்பத்தில் வீட்டுக்கு லைன் பிரிகிற பெட்டி. இதில் இருக்கிற வசதி என்னவென்றால், ஒரு லைனைப் பல டிவிக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் இத்தனை மடங்கு குறைக்கும், கேபிள் இத்தனை மடங்கு குறைக்கும் என்று வகுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி கழித்துக்கொண்டே போகலாம்.

சில மீட்டர் டிபி மில்லிவோல்ட்டில் காட்டும். அதோடு 60 கூட்டிக்கொள்ளுங்கள். டிபிஎம் என்று காட்டினால் 109 கூட்டுங்கள். மீட்டர் 3 என்று காட்டுகிறதே, சிக்னலே இல்லை என்று கம்பத்திலிருந்து கத்திய பையனை எனக்குத் தெரியும். அந்த 3, டிபி மில்லிவோல்ட் கணக்கு. உண்மையில் அங்கே 63 இருந்தது. பாக்ஸின் மெனுவில் சதவீதமாகக் காட்டுகிற சிக்னல் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு சதவீதம் போடுகிறது.

எவ்வளவு இருக்க வேண்டும்? நம் ஊர்க் கேபிளில் பெரும்பாலும் 64 குவாம். குவாம் என்பது டிஜிட்டல் சிக்னலை அடைத்து அனுப்புகிற முறை, எண் கூடினால் இன்னும் நெருக்கமாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு பாக்ஸின் வாயில் 47 முதல் 67 டிபி வரை இருக்கலாம். 256 குவாம் என்றால் 54க்குக் கீழே இறங்க விடக்கூடாது. நான் எப்போதும் 52க்கும் 62க்கும் நடுவில் நிறுத்தப் பார்ப்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மூன்று டிபி போனாலும் தாங்க வேண்டுமே. பழைய அனலாக் காலத்தில் 60 முதல் 80 வரை கொடுப்போம். அப்போது லெவல் குறைந்தால் படத்தில் ஈ மொய்ப்பது மாதிரி புள்ளி தெரியும், ஜனங்கள் அதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. 47 வரைக்கும், சில நேரம் 42 வரைக்கும்கூடக் கண்ணாடி மாதிரி ஓடும். இன்னும் இரண்டு டிபி இறங்கினால் படமே நின்றுவிடும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு” என்று கஸ்டமர் சொல்வது பொய்யில்லை. நேற்று வரை அது விளிம்பில் நின்றிருக்கிறது.

செலவுக் கணக்குக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு இழுக்கிற ஆர்ஜி-6 கேபிள் நூறு மீட்டருக்கு 150 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 8 டிபி தின்னும், 750 மெகா ஹெர்ட்ஸில் 18 முதல் 19 வரை தின்னும். அதே தூரம் தடித்த ஆர்ஜி-11 கேபிள் போட்டால் 750இல் 12தான். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 4, நாலு வழி 8, எட்டு வழி 12. மூன்று வழி ஸ்ப்ளிட்டரில் இரண்டு வகை உண்டு. மூன்று வாயிலும் சமமாக 6 குறைவது ஒன்று, ஒரு வாயில் 4, மற்ற இரண்டில் 8 குறைவது இன்னொன்று. வாய்க்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பார்க்காமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இனி அந்த மாடி வீடு. மகாமகக் குளத்துக்குப் பின்பக்கம், இரண்டு மாடி, மூன்று டிவி. வாசல் கம்பத்து டேப்பில் மீட்டரை வைத்தேன். 150 மெகா ஹெர்ட்ஸில் 72, 750இல் 70. நல்ல லெவல், ஆக கோளாறு என் லைனில் இல்லை. கஸ்டமரிடம் பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு 40 மீட்டர் ஆர்ஜி-6. கீழ் ஃப்ரீக்வென்சியில் 3 போகும், மேலே 7 போகும். வீட்டு வாயிலில் 69, 63 இருக்க வேண்டும். இருந்தது. உள்ளே எலக்ட்ரீஷியன் ஒரு எட்டு வழி ஸ்ப்ளிட்டரை மாட்டியிருந்தார். மூன்று டிவிக்கு எட்டு வழி! “பின்னாடி தேவைப்படும்னு வெச்சாங்க தம்பி” என்றார் வீட்டு அக்கா. ஆளில்லாத வீட்டுக்கும் வாடகை கட்டுகிற கதைதான். டிவி மாட்டாவிட்டாலும் அந்த 12 போகும். 57, 51. இங்கேயும் மீட்டர் கணக்கோடு ஒத்துப்போனது.

அங்கிருந்து மாடிக்கு 25 மீட்டர். கழித்தால் 55, 46. மாடியில் ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டர், ஒரு வாய் மாடி ஹாலுக்கு, ஒரு வாய் பெட்ரூமுக்கு. அதைத் தாண்டினால் 51, 42 வர வேண்டும். பெட்ரூமில் மீட்டர் காட்டியது 48, 34.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 42 வர வேண்டிய இடத்தில் 34 என்றால், 8 டிபிக்குக் கணக்கு இல்லை. மேல் ஃப்ரீக்வென்சியில் 8, கீழே 3. கேபிள் நீளத்துக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் சேர வேண்டியதைக் கழித்தாகிவிட்டது. கணக்கில் வராமல் காணாமல் போகிற டிபி பெரும்பாலும் ஏதோ ஒரு ஜாயின்ட்டில்தான் இருக்கும். எந்த ஜாயின்ட் என்று வீடு முழுக்கப் பிரித்துப் போடாதீர்கள். பாதியில் அளந்து பாருங்கள். எட்டு வழியின் வாயில் சரியாக இருந்தது என்று முன்பே பார்த்தாயிற்று. மாடி ஸ்ப்ளிட்டரைக் கழற்றி, அதற்கு வருகிற கேபிளில் வைத்தேன். 46க்குப் பதில் 38. ஆக அந்த 25 மீட்டருக்குள்தான் திருடன் இருக்கிறான். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு சுவிட்ச் போர்டு இருந்தது. அதைத் திறந்தேன். பின்னால் இரண்டு கேபிளை கரண்ட் வயர் மாதிரி நடுக்கம்பியோடு நடுக்கம்பி முறுக்கி, வலையோடு வலை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். சுவரோரம் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்திருந்தது.

ஏன் முறுக்கக் கூடாது என்று பையன்கள் கேட்பார்கள், கரன்ட் பாய்ந்தால் சரிதானே என்று. கேபிளில் நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரே சீராக இருந்தால்தான் அது 75 ஓம். முறுக்கின இடத்தில் அந்தச் சீர் கெட்டுவிடும். வந்த சிக்னலில் ஒரு பகுதி அங்கேயே முட்டித் திரும்பிப் போய்விடும். வாய்க்காலில் குறுக்கே மண் சரிந்த மாதிரி. ஃப்ரீக்வென்சி ஏற ஏற இந்தத் திருப்பம் அதிகமாகும். அதனால்தான் கீழே 3 போன இடத்தில் மேலே 8 போனது.

முறுக்கை வெட்டி, இரண்டு பக்கமும் கேபிள் முனையில் மாட்டுகிற எஃப் கனெக்டர் போட்டு, நடுவில் ஜாயின்டர் வைத்தேன். 8 திரும்பி வந்தது. ஆனாலும் பெட்ரூமில் 42தான் நிற்கும், 47க்கு அது போதாது. எட்டு வழியையும் மாடி இரண்டு வழியையும் தூக்கிவிட்டு, கீழேயே 4, 8, 8 ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டினேன். 4 குறைகிற வாயைத் தூரத்து பெட்ரூமுக்குக் கொடுத்தேன். 63இல் 4 போய், 25 மீட்டருக்கு 5 போய், 54. கீழ் ஹால் ஐந்து மீட்டர்தான், அதற்கு 8 வாய், அங்கேயும் 54. மாடி ஹாலுக்குப் புதிதாக 15 மீட்டர் கேபிளை பைப்பில் இழுத்தேன், கணக்குப்படி 52. பெட்ரூமில் மீட்டர் 53 காட்டியது. ஒரு டிபி முன்னே பின்னே வருவதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வீட்டில் இன்னொரு கதையும் இருந்தது. அக்காவின் மகன் நான் வருவதற்கு முந்தின வாரமே ஆன்லைனில் 20 டிபி பூஸ்டர் ஒன்று வாங்கி, பெட்ரூம் டிவிக்குப் பின்னால் மாட்டியிருந்தான். நான் சொன்ன 34, அந்த பூஸ்டருக்கு முன்னால் கேபிளில் அளந்தது. “மீட்டர்ல 54 வருதே மாமா, அப்பவும் ஏன் நிக்குது?” என்றான். நியாயமான கேள்வி.

எந்த 75 ஓம் கம்பியிலும், சும்மா இருக்கும்போதே, சூட்டினால் ஒரு இரைச்சல் இருக்கும். ஒரு ஃப்ரீக்வென்சிக்கு ஒதுக்கிய 8 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில் அது சுமார் 4 டிபி மைக்ரோவோல்ட். சாதாரண பூஸ்டர் தன் பங்குக்கு ஒரு 6 சேர்க்கும். ஆக இரைச்சல் 10. சிக்னல் 34. இடைவெளி 24. 64 குவாம் உடையாமல் நிற்க ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் போச்சு. பூஸ்டர் 20 ஏற்றினால் சிக்னல் 54 ஆகும், இரைச்சலும் 30 ஆகும். இடைவெளி அதே 24. மோரில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டின மாதிரி. அதே பூஸ்டரை வீட்டு வாயிலில், 63 இருக்கிற இடத்தில் வைத்தால் அது சேர்க்கிற இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் இடைவெளி 53. எங்கும் உடையாது. மீட்டரில் எம்இஆர் என்று ஒரு எண் காட்டும், சிக்னல் எவ்வளவு சுத்தம் என்பதன் அளவு அது. லெவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது 30க்குக் கீழே இருந்தால் பூஸ்டர் தப்பான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பாடம் எனக்கு மீட்டர் வாங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே கிடைத்தது. எங்கள் சித்தப்பா எண்பதுகளில் வேதாரண்யம் பக்கம் ஆன்டெனா கட்டுவார். 1982இல் இலங்கையில் ரூபவாகினி ஆரம்பித்தபிறகு கரையோரம் முழுக்க அதற்குக் கிராக்கி. பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்து கடல் தாண்டி வருகிற சிக்னல், இரண்டரை ஆயிரம் மீட்டர் உயரத்து உச்சி அது. நீளமான ஜிஐ பைப்பை நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்புவார். பூஸ்டரை டிவி பக்கத்தில் வைத்தால் வசதி, ரிப்பேருக்கு ஏற வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பைப் உச்சியில், ஆன்டெனாவின் கழுத்திலேயே கட்டுவார். “கீழ வர்றதுக்குள்ள செத்துடும்டா. செத்த பொணத்துக்கு ஊசி போட்டு என்ன?” என்பார். டிபி என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது.

லெவல் அதிகமானாலும் இதே மாதிரிதான் உடையும், அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிக்னலை ஏற்றுகிற ஆம்ப் மாட்டின கம்பத்துக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு தடவை 86 டிபி போய்க்கொண்டிருந்தது. பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு “சூப்பர் லெவல்ணே” என்றான். கேபிளில் ஐம்பது ஃப்ரீக்வென்சி சேர்ந்து வருகிறது. ஒவ்வொன்றும் 86 என்றால் எல்லாம் சேர்ந்து, பாக்ஸுக்குள் ஃப்ரீக்வென்சியைப் பிடிக்கிற ட்யூனரின் வாயில் 17 டிபி கூட, 103 ஆகும். ட்யூனர் திணறி, ஒன்றோடு ஒன்றைக் கலக்கிவிடும். லெவலைக் குறைக்கிற பேட், 20 டிபி ஒன்று போட்டோம், சரியாகிவிட்டது. முன்பு பாக்ஸை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள்.

இனி கனெக்டர், ஏனென்றால் நான் பார்க்கிற கோளாறில் பாதி அந்த ஒரு இன்ச்சில்தான் இருக்கிறது. மேல் கறுப்புத் தோலை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவுங்கள். வலையை ஒரு முடிகூட விடாமல் பின்னால் மடித்து விடுங்கள். ஃபாயிலை உள்ளே வெள்ளைப் பகுதியோடு ஒட்டியபடி விட்டுவிடுங்கள், பிய்க்காதீர்கள். வெள்ளையை முன்பக்கம் பாதி அளவுக்குச் சீவுங்கள். இங்கேதான் கத்தி நடுக்கம்பியில் படும். படக் கூடாது. அந்தக் கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு இல்லை, இரும்புக் கம்பியின் மேல் செம்பு முலாம். நம் ஃப்ரீக்வென்சியில் கரன்ட் கம்பியின் தோலில் மட்டும்தான் ஓடும். 750 மெகா ஹெர்ட்ஸில் அந்தத் தோல் இரண்டரை மைக்ரான், தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு கனம். அதில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால் மழைக்காலத்தில் துரு ஏறும். பிறகு கனெக்டரைத் திருகித் தள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளைப் பகுதி கனெக்டரின் தரையோடு சமமாக வந்து நிற்க வேண்டும். நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டட்டும். குறைந்தால் பாக்ஸின் உள்ளே தொடாது, கூடினால் சாக்கெட்டைக் கெடுக்கும். கடைசியாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலையின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் கதை முடிந்தது. எனக்குக் கண்ணாடி போட்ட பிறகு போன் டார்ச் இல்லாமல் இதைச் செய்வதில்லை.

வெளியே இருக்கிற ஜாயின்ட்டுக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்கள். தண்ணீர் கனெக்டருக்குப் போகாமல் வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் காய வைக்கிற வேலை வேண்டாம். வெட்டிப் போட்டுப் புதிதாக இழுங்கள்.

கை வைப்பதற்கு முன் டெஸ்டர். இதை நான் சிரிப்பாகச் சொல்லவில்லை. ஒரு மழை நாளில் ஈரச் செருப்போடு நின்று, ஒரு வீட்டு டேப்பைக் கழற்றும்போது சுர்ரென்று இழுத்தது. டிவியும் பாக்ஸும் இரண்டு பின் பிளக்கில் எர்த் இல்லாமல் ஓடினால், உள்ளே இருக்கிற சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கேபிளின் வெளி வலையில் கொஞ்சம் கரன்ட் கசியும். பல வீட்டுக் கசிவு ஒரே வலையில் சேர்ந்தால் ஏணியிலிருந்து தள்ளிவிடுகிற அளவுக்கு இருக்கும். அது கசிவுதானா, இல்லை எங்கோ ஈபி லைன் உரசுகிறதா என்பது டெஸ்டர் விளக்குக்குத் தெரியாது. விளக்கு எரிந்தால் தொடாதீர்கள். பிளக்குகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். அப்போதும் எரிந்தால் இறங்கிவிட்டு ஈபி ஆட்களைக் கூப்பிடுங்கள். லைன் ஆம்ப்புக்குக் கேபிள் வழியாகவே 60 வோல்ட் ஏசி அனுப்புகிற இடங்களும் உண்டு. தெருவில் ஓடுகிற அந்த ட்ரங்க் கேபிளை வீட்டுக் கேபிள் மாதிரி நினைக்காதீர்கள்.

டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஷ்ஷிலிருந்து வருவதும் இதே கேபிள்தான், ஆனால் 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸ். 30 மீட்டர் ஆர்ஜி-6 அதன் மேல் முனையில் 10 டிபி தின்றுவிடும். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரை அதில் மாட்டினால் வேலை செய்யாது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிக்கு 13, 18 வோல்ட் கேபிளில் ஏற வேண்டும், அதை அந்த ஸ்ப்ளிட்டர் விடாது.

அக்கா வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது, மூன்று டிவிக்குப் பின்னாலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் தேதியும் 150க்கும் 750க்கும் வந்த லெவலும் எழுதி வைத்தேன். மகன் அந்த பூஸ்டரைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். பெட்டியைக் கிழித்துவிட்டதால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். “அப்ப நீங்க வெச்சுக்கோங்க மாமா” என்றான். என் பையில் இன்னும் கிடக்கிறது.